ஒரு விளையாட்டும் நம் வீட்டு விதிகளும்



சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், நம் பத்து வயது மகள் அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்து பொய் சொன்னாள். "காக்காமார் இருவரும் மாடியில் பாடம் படிக்கிறார்கள் உம்மா, வல்லாஹி" என்றாள். அவள் கண்கள் தரையை நோக்கியிருந்தன. நாம் படியேறிச் சென்று பார்த்தபோது, நம் மகனும் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நம் ராத்தாவின் மகனும் ஒரு பிஸ்கட் டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தனர். அதனுள்ளே 1 முதல் 20 வரை எண்கள் எழுதிச் சுருட்டப்பட்ட இருபது துண்டுச் சீட்டுகள் இருந்தன. மூன்று வாரங்களுக்கு முன் நாம் பூட்டி வைத்த பகடைகளுக்குப் பதிலாக அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது.

அந்த மூன்று வாரக் கதையைச் சொல்லியாக வேண்டும். ராத்தா மகனுக்குப் பதினேழு வயது. நல்ல பிள்ளை, தொழுகையைத் தவறவிடாதவன். வந்த மறுநாளே பெட்டியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தையும் ஒரு சுருக்குப் பையையும் எடுத்தான். புத்தகத்தின் அட்டையில் பறக்கும் நாகம். உள்ளே மந்திரங்களின் பட்டியல், பற்பல தெய்வங்களின் பெயர்கள். பையிலோ நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் கொண்ட பகடைகள். பகடை, சூனியம், ஷிர்க் என மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருக்கக் கண்ட நமக்குச் சிந்திக்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. "இது ஹராம். இந்த வீட்டில் இது கூடாது" என்று சொல்லிப் பையை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். பிள்ளைகள் "சரி" என்றனர். நாமும் கடமையை நிறைவேற்றிவிட்டதாக நிம்மதி அடைந்தோம்.

அந்த நிம்மதியின் விலை மகளின் பொய்ச் சத்தியம். தனியே அழைத்துக் கேட்டபோது அவள் தேம்பினாள். "காக்கா சொல்லச் சொல்லவில்லை உம்மா. நீங்கள் ஏசுவீர்களென்று நானாகத்தான் சொன்னேன்" என்றாள். பருவமடையாத பிள்ளையின் மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பதை நாம் வகுப்பில் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவள் கணக்கில் எழுதப்படாதது நம் கணக்கில் எழுதப்பட்டிருக்குமோ என்ற அச்சம் நம்மைப் பிடித்துக்கொண்டது. வளைகுடாவிலிருக்கும் நம் கணவரிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் ஒப்பித்தோம். பொறுமையாகக் கேட்டவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அது என்ன விளையாட்டு என்று பிள்ளைகளிடம் கேட்டாயா?"

கேட்கவில்லை.

மறுநாள் இஷாவுக்குப் பின் கூடத்தில் பாய் விரித்து மூவரையும் அமர வைத்தோம். உம்மம்மாவும் வெற்றிலைச் செல்லத்துடன் வந்து உட்கார்ந்துகொண்டார். "இன்று யாரும் ஏசமாட்டோம். இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்று தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள்" என்றோம்.

ராத்தா மகன் விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். "நீங்கள் ஒரு காட்டு வழியில் வருகிறீர்கள், பாலம் உடைந்து கிடக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். ஆடுபவர் தம் பாத்திரம் செய்வதைச் சொல்வார். செயல் எளிதென்றால் கதை அப்படியே தொடரும். கடினமென்றால் பகடை முடிவு செய்யும். இதில் பணயம் இல்லை. ஒருவரையொருவர் தோற்கடிப்பதும் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு கதையைக் கட்டுகிறார்கள். இவ்வகையில் முதலில் அச்சேறிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர். 1980களில் அந்நாட்டின் கிறித்தவப் பெற்றோர் பலரும் இதைக் கண்டு அஞ்சி எதிர்ப்பு இயக்கமே நடத்தினார்களாம். நம் அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று என்று அறிந்தபோது ஓர் ஆறுதல் உண்டாயிற்று.

பிறகு அவன் சொன்னதுதான் நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. "சாச்சி, புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஆட வேண்டுமென்பது இல்லை. ஒவ்வொரு குழுவும் தனக்கு ஏற்றாற்போல் விதிகளை மாற்றிக்கொள்ளலாம். வீட்டு விதிகள் என்றே அதற்குப் பெயர்" என்றான். மாற்ற முடியாத ஒன்றைத் தடுத்துவிட்டோம் என்றல்லவா நாம் எண்ணியிருந்தோம்! மாற்றுவதற்கு அந்த விளையாட்டே இடம் கொடுக்கிறது என்றால், நம் மார்க்க வரம்புக்குள் அதைக் கொண்டுவர முடியுமா என்று முயன்று பார்ப்பதும் நம் பொறுப்பாகிறது.

கற்பனை என்பதற்காகவே ஒரு விளையாட்டு விலக்கப்பட்டதாகிவிடாது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததையும், குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் வினவியபோது, சுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததாகக் கேள்விப்படவில்லையா என்று அன்னை திருப்பிக் கேட்டதையும், அது கேட்டு நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததையும் அபூதாவூதில் காண்கிறோம். மதரஸாவில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த நிகழ்ச்சி அது. நம் மகனின் அட்டைப் படத்தைக் கண்ட மாத்திரத்தில் அது நம் நினைவுக்கு வராமற் போனதுதான் வியப்பு.

ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகளாகப் பிரித்தோம். மார்க்கம் தெளிவாகத் தடுப்பவை முதல் பத்தியில். பேசி மாற்றிக்கொள்ளத் தக்கவை இரண்டாவதில். பிள்ளைகளின் விருப்பத்திற்கே விட்டுவிட வேண்டியவை மூன்றாவதில்.

முதல் பத்தியில் முதலில் வந்தது பகடை. நர்து எனப்படும் பகடை விளையாட்டைக் கடுமையாக எச்சரிக்கும் ஹதீஸ், புரைதா (ரலி) அவர்களின் அறிவிப்பாக முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. பணயமில்லாத பகடை குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைக்கவில்லை. எனினும் பெரும்பான்மை இமாம்கள் தடுத்ததை நம் வீட்டில் அனுமதிக்க நமக்குத் துணிவில்லை. நம் ஷாஃபிஈ ஃபிக்ஹில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு: கணக்கிலும் சிந்தனையிலும் நிற்கும் ஆட்டம் வேறு, குருட்டு அனுமானத்தில் நிற்கும் ஆட்டம் வேறு. இதை விளக்கியதும், "அப்படியென்றால் டப்பாவில் போட்ட சீட்டும் பகடைதானே உம்மா?" என்று மகனே கேட்டான். ஆம் என்றோம். அவன் எழுந்து போய் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு வந்தான். மூன்று வாரங்களுக்கு முன் காரணத்தைச் சொல்லியிருந்தால் அன்றே கவிழ்த்திருப்பான்.

ஆனால் பகடையை எடுத்துவிட்டால் விளையாட்டு எதில் நிற்கும்? பகடை செய்யும் வேலையை முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு செயலின் கடினம் 15 என்று வைத்துக்கொள்வோம். ஆடுபவரின் திறமை 3. இருபது முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் ஒன்பது முகங்கள் வெற்றி. அதாவது நூற்றுக்கு 45. பகடைக்குப் பதிலாக எப்போதும் 10 என்று வைத்துக்கொண்டால் என்ன என்று முதலில் முயன்றோம். அப்படி ஒரு விதி மூல நூலிலேயே சில இடங்களில் உண்டாம். ஆடிப் பார்த்ததில் அரை மணி நேரத்தில் சலித்துவிட்டது. 10உடன் 3 சேர்ந்தால் 13. கடினம் 15 என்றால் என்றைக்கும் தோல்விதான். முடிவு முன்கூட்டியே தெரிந்த கதையை யார் ஆடுவார்?

உம்மம்மாதான் வழி காட்டினார். பல்லாங்குழிக்கென்று வைத்திருந்த புளியங்கொட்டைகளைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து பாயில் வைத்தார். தாயத்துக்குப் புளியங்கொட்டையை உடைத்து உருட்டுவது உண்டு. நாங்கள் உருட்டுவதில்லை, முழுக்கொட்டையைச் செலவழிக்கிறோம். ஆளுக்கு ஐந்து. ஒரு கொட்டை வைத்தால் ஒரு புள்ளி கூடும். 13 உள்ளவர் 15ஐ எட்ட இரண்டைக் கொடுக்க வேண்டும். இந்த விதியிலும் ஒரு குறை தென்பட்டது. மகன் ஐந்தையும் இறுதிவரை பதுக்கினான். மகள் முதல் பாலத்திலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே இன்னும் இரண்டு விதிகள் சேர்ந்தன. தோல்வியை ஏற்றுக்கொண்டு, தான் எப்படித் தோற்றேன் என்று தானே கதையாகச் சொல்பவருக்குக் கிண்ணத்திலிருந்து ஒரு கொட்டை. தன் கொட்டையைப் பிறருக்குக் கொடுக்கவும் செய்யலாம். இவ்விரண்டும் வந்த பிறகு விளையாட்டின் முகமே மாறிற்று. வழுக்கி விழுந்ததையும் வழி தவறியதையும் மகள் அபிநயத்தோடு சொல்லத் தொடங்கினாள். பதுக்கிய மகன், தங்கை ஆற்றில் தத்தளித்தபோது கொட்டையை நீட்டினான்.

கடினம் எவ்வளவு என்பதை ஆடுபவரிடம் மறைத்தால் சுவை கூடும் என்றான் ராத்தா மகன். எண்ணைத் தாளில் எழுதிக் கவிழ்த்து வைப்பான்; ஆடுபவர் கொட்டைகளைக் கைக்குள் மூடி வைத்துவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். இதற்கு மகன் உடன்படவில்லை. "இது அனுமானம் இல்லையா? நீங்கள் சொன்ன அளவுகோலில் இது எந்தப் பக்கம் உம்மா?" என்றான். பதினான்கு வயதுப் பிள்ளை ஃபிக்ஹுக் கேள்வியைத் தன் விளையாட்டுக்குள்ளிருந்தே எழுப்பியதைக் கேட்டு நம் நெஞ்சு நிறைந்தது. அல்ஹம்துலில்லாஹ். நெடுநேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கதை நடத்துபவர் எண்ணை மறைக்கலாம். ஆனால் அதைக் கணிப்பதற்கான அடையாளங்களை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பூட்டு துருப்பிடித்ததா, புதியதா? காவலன் விழிப்பாயிருக்கிறானா, கொட்டாவி விடுகிறானா? கவனித்துக் கேட்டவர் கணக்கிட முடியும். அடையாளம் சொல்லாமல் எண்ணை மறைத்தால் அந்தச் சுற்று செல்லாது. இது நம் வீட்டின் ஏற்பாடே அன்றி ஃபத்வா அன்று. ஐயமுள்ளோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிக.

முதல் பத்தியின் மற்றவை விரைவில் முடிந்தன. தெய்வங்கள் கதையில் இல்லை. ஜின்னையும் ஷைத்தானையும் பாத்திரமாக ஏற்று ஆடுவதில்லை. பறக்கும் நாகம் இருக்கலாம். அது வெறும் விலங்கு. மதுக்கடை முசாஃபர்கானா ஆயிற்று. மந்திரவாதிதான் சிக்கலாக நின்றான். அது மகனின் பாத்திரம், முகம் சுண்டிப்போனான். அவனுக்கு அல்ஜஸரீயைப் பற்றிச் சொன்னோம். 1206இல் அவர் எழுதி முடித்த பொறிகளின் நூலில் ஒரு யானைக் கடிகாரம் உண்டு. அரை மணிக்கொருமுறை பருந்தின் அலகிலிருந்து ஒரு குண்டு நாகத்தின் வாயில் விழும். அன்றிரவே மந்திரவாதி பொறியாளன் ஆனான். நெருப்பு மந்திரத்துக்குப் பதிலாக நஃப்தா எண்ணெய் நிரப்பிய மூன்று குடுவைகள். மூன்றும் தீர்ந்தால் அடுத்த துறைமுகம் வரை காத்திருக்க வேண்டும். அக்காலப் படைகள் உண்மையிலேயே பயன்படுத்திய ஆயுதம்தான் அது.

தெய்வத்தின் அருளால் காயத்தை ஆற்றும் பூசாரிக்குப் பதிலாக ஹகீம் வந்தார். ஒரு விதியை மாற்றினால் அதன் அதிர்வு எங்கெங்கோ போய்ச் சேரும் என்பதை அப்போது கண்டோம். 2014 பதிப்பின்படி ஓர் இரவு நன்கு ஓய்ந்தால் இழந்த உயிர்ப் புள்ளிகள் எல்லாம் திரும்பிவிடும். "எனக்கு முழங்கால் சிராய்த்தாலே ஆற ஐந்து நாள் ஆகிறதே" என்று மகள் ஆட்சேபித்தாள். எனவே ஓர் இரவுக்கு மூன்று புள்ளி மட்டும் என்று வைத்தோம். விளைவு என்னவெனில், பிள்ளைகள் வாளெடுக்கத் தயங்கினார்கள். கொள்ளையரிடம் பேரம் பேசினார்கள். ஓநாய்க்கு இறைச்சி எறிந்துவிட்டு நடந்தார்கள். வன்முறை வேண்டாம் என்று ஒரு விதியும் நாம் எழுதவில்லை.

நம்முடைய பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆசிரியப் புத்தி நம்மை விடவில்லை. ஒரு துஆவைப் பிழையின்றி ஓதினால் ஒரு கொட்டை என்று நாமாக ஒரு விதியைச் சேர்த்தோம். இரண்டு நாள் நன்றாகவே நடந்தது. மூன்றாம் நாள் மகள் கேட்டாள்: "உம்மா, துஆவைக் கொட்டைக்காகவா ஓத வேண்டும்?" இஃக்லாஸைப் பற்றி இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்திய நமக்கு அவளிடம் சொல்ல விடையில்லை. தாளை எடுத்து அந்த வரியை நாமே அடித்தோம். திருடன் பாத்திரம் கூடாது என்று நாம் எழுதியதும் அவ்வாறே நீங்கியது. "திருடன் இல்லாத கதையில் காவலனுக்கு என்ன வேலை?" என்று மகன் கேட்டான். திருடனைக் கதை நடத்துபவர் மட்டும் ஆடலாம் என்று உடன்பட்டோம்.

விசுவாசிகள் தம் காரியங்களைக் கலந்தாலோசித்து நடத்துவோர் என்று குர்ஆன் புகழ்கிறது. ஒரு சூராவுக்கே அஷ்ஷூரா என்று பெயர். உஹதுப் போருக்கு முன் மதீனாவிலேயே தங்கிவிடுவது நபி (ஸல்) அவர்களின் விருப்பமாயிருந்தும், வெளியே செல்ல விரும்பிய இளைஞர்கள் முதலானோரின் ஆலோசனையை ஏற்றார்கள் என்று வரலாறு சொல்கிறது. ஹலால் ஹராமில் பிள்ளைகளின் வாக்கெடுப்புக்கு இடமில்லை. ஆனால் அந்த எல்லைக்குள்ளே இருக்கும் பரந்த வெளியில் ஆலோசனைக்கு நாம் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோம்?

மூன்றாம் பத்தி முழுவதும் பிள்ளைகளுடையது. கதைக்களம் அவர்களே தேர்ந்தார்கள்: ஹுர்முஸிலிருந்து காயலுக்குக் குதிரை ஏற்றிவரும் மரக்கலம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவ்வாறு கப்பல்கள் வந்ததை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். மகளுக்கு ஒரு வெள்ளைக் குதிரை வாய்த்தது. இறக்கை வேண்டுமா என்று ராத்தா மகன் கேட்டான். வேண்டும் என்றாள். யாரும் மறுக்கவில்லை.

இரண்டு விதிகளை மட்டும் நாம் பேச்சுக்கு விடவில்லை. பாங்கு ஒலித்தால் கொட்டைகள் அப்படியே பாயில் இருக்கும். எல்லோரும் எழுந்துவிட வேண்டும். ஆட்டம் மாடியிலோ அடைத்த அறையிலோ அன்றி, பெரியவர்கள் நடமாடும் கூடத்தில் நடக்க வேண்டும். ராத்தா மகன் கெட்டிக்காரன். கதையின் உச்சத்தை மஃரிபு பாங்குக்குச் சற்று முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடுவான். தொழுது முடித்ததும் மூவரும் அவசர அவசரமாகத் திரும்புவதைக் கண்டு, தொழுகையில் கவனம் எங்கே இருந்ததோ என்று கவலைப்பட்டோம். அதற்கான விதியை இன்னும் கண்டுபிடித்தபாடில்லை.

விடுமுறையின் கடைசி வாரத்தில் ஒரு நாள், கதையில் ஒரு சிறுவன் கொடிய வணிகனிடமிருந்து தப்பிவந்து மகளின் கூடாரத்தில் ஒளிந்தான். வணிகனின் ஆள் வாசலில் நின்று கேட்டான்: "பையன் உள்ளே இல்லையென்று சத்தியம் செய்வாயா?" ராத்தா மகன் வேண்டுமென்றே வைத்த இடம் அன்று, கதையின் போக்கில் வந்துவிட்டது. கேட்டதும் அவனே திகைத்து நம்மைப் பார்த்தான். கூடம் அமைதியானது. மகள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தன்னிடமிருந்த நான்கு கொட்டைகளையும் பாயில் வைத்தாள். "சத்தியம் செய்யமாட்டேன். உள்ளேயும் விடமாட்டேன். இது என் கூடாரம்" என்றாள். நான்கு போதவில்லை, கடினம் பெரிதாயிருந்தது. மகன் தன் கொட்டைகளிலிருந்து இரண்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

அன்றிரவு உறங்கும் முன் அவள் அருகில் அமர்ந்து, "அன்று உன்னைப் பொய் சொல்லும் நிலைக்குத் தள்ளியதில் உம்மாவுக்கும் பங்கு உண்டு. என்னை மன்னித்துவிடு" என்றோம். "நானும் தவ்பா செய்துவிட்டேன் உம்மா" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது நமக்குப் பழக்கமில்லாத காரியம். அந்த விளையாட்டு அதற்கு ஒரு வழி திறந்தது என்று மட்டும் சொல்கிறோம். எல்லா வீட்டிலும் திறக்கும் என்று சொல்லவில்லை.

ராத்தா மகன் ஊர் திரும்பிய நாளில் அலமாரியைத் திறந்து பகடைப் பையை அவனிடம் கொடுத்தோம். அது அவன் பொருள். நம்மிடம் அமானிதமாக இருந்தது. "எங்கள் வீட்டு விதி உனக்குத் தெரியும். உன் வீட்டில் உன் உம்மா வாப்பாவோடு இதுபோல் உட்கார்ந்து பேசு" என்றோம். பை பெட்டிக்குள் போனது. புளியங்கொட்டை நான்கைந்தும் அதனுடன் போனதை நாம் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டோம்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பின் மகன் கதை நடத்துகிறான். அண்டை வீட்டுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்திருக்கிறார்கள். விதித் தாள் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. அடித்தலும் திருத்தலுமாக அழகற்றுத்தான் இருக்கிறது. முதல் பத்தி மட்டும் எழுதிய அன்றிருந்தபடியே இருக்கிறது.

அன்புக்குரிய பெற்றோர்களே! உங்கள் பிள்ளையின் கையில் நீங்கள் அறியாத ஒரு விளையாட்டைக் கண்டால், தடுப்பதற்கு முன் ஓர் இரவு அதைக் கேளுங்கள். தடுக்க வேண்டியதைக் காரணத்தோடு தடுங்கள். நீங்கள் எழுதிய விதி தவறென்றால் பிள்ளைகளின் முன்னிலையிலேயே அதை அடித்துவிடுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைக் கண் குளிர்ச்சியாக ஆக்கியருள்வானாக. அவர்கள் நமக்கு அஞ்சி மறைப்பதை விட்டும், அவனுக்கு அஞ்சி உண்மை பேசுவதன்பால் அவர்களைத் திருப்புவானாக. ஆமீன்.